சாம்பல், உமி, மானாப்புல்: மலையகத்தில் சூட்டைப் பிடித்து வைத்த கதை

இலங்கைத் தேயிலையின் கதையை எல்லாரும் லூல்கந்துரவில்தான் தொடங்குவாங்க. 1867, ஜேம்ஸ் டெய்லர், 19 ஏக்கர். நாங்களும் அங்கேயே தொடங்குகிறோம், ஆனால் செடியை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கிறோம். டெய்லரின் முதல் தேயிலை 'ஸ்டோர்' அவர் குடியிருந்த பங்களாதான். கொழுந்தை விறாந்தையில் மேசை மேல் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்துக் கையாலேயே உருட்டினார்கள். உருட்டின இலையைக் கம்பித் தட்டில் பரப்பி, கரி நெருப்பு போட்ட மண் அடுப்புகளின் மேல் வைத்துக் காயவைத்தார்கள். பின்னாளில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு தொழில், நம்ம வீட்டு அடுப்புக்கு அண்ணன் முறையாகிற ஒரு மண் அடுப்பில்தான் ஆரம்பமானது.

அந்த மண்ணைக் குழைத்தது யார், அடுப்பைப் போட்டது யார் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. டெய்லர் தன் கையால் சேறு மிதித்திருப்பார் என்று நம்ப எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். எங்கள் கூட்டத்தில் சிலர் லயத்துக்குப் பின்னால் ஒரு மண் போறணை கட்டலாம் என்று பேசத் தொடங்கினார்கள். ரொட்டியை விட்டுட்டுப் பாண் சுடணும், பிள்ளைகளுக்கு பணிஸ் போடணும் என்கிற ஆசை. எவ்வளவு மண், எவ்வளவு மணல் என்கிற கணக்கு சீக்கிரம் வந்துவிட்டது. சூடு வெளியே போகாமல் மேலே எதைப் போர்த்துவது, எத்தனை பை வேணும் என்கிற இடத்தில் பேச்சு நின்றது. பதிலைத் தேடிப் போனால் மலையகத்தின் வரலாறு முழுக்க இதே கேள்வி கிடக்கிறது.

முதலில் சூட்டைப் பற்றி ஒன்று. நெருப்பை அணைக்காமல் வைக்கணும் என்றால் நம்ம பாட்டிமார் என்ன செய்தார்கள்? கங்கை ஒதுக்கி, மேலே சாம்பலைத் தள்ளி மூடிவிட்டுப் படுத்தார்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சாம்பலை விலக்கினால் உள்ளே சிவப்பா கங்கு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் சொல்கிறோமே, அது வெறும் உவமை இல்லை, அன்றாட வேலை. சாம்பல் துகள்களுக்கு நடுவே அடைபட்ட காற்று இருக்கிறது. அசையாத காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. கம்பளி, கோழி இறகு, வைக்கோல், உமி எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்தக் காற்றுதான். 1790-களில் பெஞ்சமின் தாம்சன் என்கிற ரம்ஃபோர்டு பிரபு ரோமம், இறகு, பஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, சூட்டைத் தடுப்பது அதற்குள் சிக்கிய காற்று என்று எழுதினார். அதே மனிதர் ஐரோப்பியச் சமையலறைகளின் திறந்த அடுப்பு எவ்வளவு விறகை வீணாக்குகிறது என்று கணக்குப் போட்டு, செங்கல்லுக்குள் அடைத்த அடுப்புகளையும் கட்டினார்.

லூல்கந்துர அடுப்புக்குத் திரும்புவோம். கரி நெருப்பில் தேயிலை காய்ச்சுவது செலவு பிடித்த வேலை. கரிக்காகக் காடு வெட்டணும், விறகைக் கரியாக்கும்போதே அதிலுள்ள சக்தியில் பெரும்பகுதி போய்விடும், பிறகு திறந்த அடுப்பில் மிச்சமும் நாலா பக்கமும் போகும். 1870-களின் கடைசியில் இந்தியாவின் கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் இதற்கு ஒரு வழி கண்டார். நெருப்பை ஒரு பெட்டிக்குள் அடைத்து, புகையைத் தனியாக வெளியேற்றி, சுத்தமான சூடான காற்றை மட்டும் தட்டுகளுக்கு ஏற்றினார். அதுதான் 'சிரொக்கோ'. 1881-இல் பெல்ஃபாஸ்டில் அதற்குத் தொழிற்சாலையே வந்துவிட்டது. புகை இலையில் படாததால் கரியே வேண்டாம், எந்த விறகையும் போடலாம். இலங்கை ஸ்டோர்களுக்கும் அந்த வகை இயந்திரங்கள் வந்தன.

இதில் எங்களுக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. இலையில் புகை நாற்றம் பட்டால் லண்டனில் விலை குறையும். அதனால் இலைக்குப் புகை இல்லாத சூடு கண்டுபிடிக்கப்பட்டது, பணம் போட்டுக் கப்பலில் இறக்கப்பட்டது. அந்த இலையைப் பறித்தவர்கள் படுத்த காம்பராவுக்கு அடுத்த நூறு வருஷம் அப்படி ஒரு யோசனை வரவில்லை.

லயக் காம்பராவின் அளவு நம்ம எல்லாருக்கும் மனப்பாடம்: 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்பக்கம் ஜன்னல் வைக்க இடமே கிடையாது. ஆரம்பத்தில் மண் சுவரும் மானாப்புல் கூரையும், பிறகு கல் சுவரும் தகரமும். அடுப்பு இஸ்தோப்பின் மூலையில், அல்லது உள்ளேயே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கும் மேலே. தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். அந்தக் குளிரில் யாரும் அடுப்பை வெளியே கொண்டுபோய் வைக்க மாட்டாங்க. சமையலுக்கும் குளிர் காயவும் ஈரத் துணி உலர்த்தவும் ஒரே நெருப்பு. அடுப்புக்கு மேலே பரண், சில தோட்டங்களில் அட்டல் என்பார்கள், அதில் அடுத்த நாள் விறகு காயும்.

மானாப்புல் கூரையைத் தகரமாக மாற்றியதை முன்னேற்றம் என்றுதான் கணக்கெழுதினார்கள். ஒழுகாது, தீப்பிடிக்காது, வருஷா வருஷம் மாற்ற வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் ஒரு முழம் தடித்த காய்ந்த புல் என்பது காற்றை அடைத்து வைத்த போர்வை. தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இரவில் வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்த நீராவியைத் துளித்துளியாகத் தலையில் விடும். புல்லின் இடுக்கு வழியாகக் கசிந்த புகைக்கும் தகரம் வழிவிடவில்லை. அதனால் குளிர் அதிகமாச்சு, குளிரை ஈடுகட்ட நெருப்பு அதிகமாச்சு, போக்கிடம் இல்லாத புகையும் அதிகமாச்சு. இந்தப் புகையைக் குடித்தவர்கள் அதிகமும் பெண்கள். பெரட்டுக்கு முன்னால் எழுந்து ரொட்டி தட்டியவர்கள். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் உலகில் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீடு. நம்ம அம்மாயிமாரின் இருமலைத் 'தூசி' என்றும் 'குளிர்' என்றும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

விறகு என்றால் பெரும்பாலும் மிலாறு. கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கிக் கட்டின தேயிலைக் குச்சி. நல்லா எரியும், நல்ல சாம்பல் தரும். இந்தச் சாம்பலுக்குக் கீழே வேலை இருக்கு, அதனால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையில்லாத அடுப்பு என்கிற யோசனை ஏழைகளின் சமையலறைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். வார்தாவில் காந்தியர்கள் மகன் சூலாவைக் கொண்டுவந்தார்கள். 1953-இல் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, லட்சக்கணக்கான சமையலறைகளுக்கு என்று ஒரு சிறு நூலும் போட்டார். அதற்கப்புறம் வந்ததுதான் எங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ளது. 1976-இல் குவாத்தமாலாவில் பெரிய பூகம்பம். அதைத் தொடர்ந்து நிவாரண வேலை செய்தவர்கள் 'லொரெனா' என்று ஒரு அடுப்பைப் பரப்பினார்கள். ஸ்பானிய மொழியில் லோதோ என்றால் சேறு, அரேனா என்றால் மணல். இரண்டும் சேர்ந்தது லொரெனா. பெரிய மண்திட்டைக் கட்டி, உள்ளே நெருப்புப் பாதையைக் குடைந்து, மேலே பானைக்கு ஓட்டை. பார்க்க அழகா இருக்கும், மண் சும்மா கிடைக்கும், உலகம் முழுக்கப் பரவிச்சு.

பிறகு 1980-களின் ஆரம்பத்தில் அளந்து பார்த்தார்கள். பல இடங்களில் மூன்று கல் அடுப்பைவிட லொரெனா விறகை மிச்சப்படுத்தவே இல்லை. காரணம், தடித்த மண் சுவர் சூட்டைத் தடுக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். மண் சூட்டைத் தடுக்கவில்லை, குடித்தது. காலையில் அரை மணி நேரம் தேத்தண்ணி போடுகிற நெருப்பில் பாதி, இருநூறு கிலோ சேற்றைச் சூடாக்கவே போய்விட்டது. இந்த அனுபவத்திலிருந்துதான் லேரி வினியார்ஸ்கி போன்றவர்கள் மெல்லிய சுவரும் சுற்றிலும் சாம்பல் மாதிரி இலேசான பொருளும் வைத்த ராக்கெட் அடுப்புக்குப் போனார்கள்.

இலங்கையிலும் இதே பாதை. 1979 வாக்கில் சர்வோதயமும் பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவும் கண்டிப் பக்கம் அடுப்புத் திட்டம் தொடங்கின. வெறும் மண்திட்டு அடுப்பிலிருந்து விலகி, குயவர் சுட்ட மட்பாண்டக் கூட்டை உள்ளே வைத்து வெளியே மண் பூசுகிற வடிவத்துக்கு வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'அனகி' அடுப்பு, சிங்களத்தில் அருமையானது என்று பொருள். 1990-களில் கண்டியிலிருந்த ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கம் போன்ற அமைப்புகள் குயவர்களைப் பழக்கி அதைச் சந்தைக்கே கொண்டுவந்தன. இன்றைக்கும் ஹட்டன் கடைத்தெருவில் அடுக்கி வைத்திருக்கிற இரட்டை வாய் அடுப்பு அதுதான். வாங்கிக்கொண்டு வந்து அப்படியே தரையில் வைத்துச் சமைப்பவர்கள் உண்டு. சுற்றிலும் புற்றுமண்ணும் உமியும் சாணியும் குழைத்துப் பூசினால் கூடு வெடிக்காது, விறகும் மிஞ்சும், பிள்ளை கையைச் சுட்டுக்காது. வாங்கின அடுப்பில் பாதி வேலை கடையில் முடிந்தது, மீதி பாதி நம்ம கையில்.

அப்போ போறணைக்கு வருவோம். போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ' நம்ம வாயில் போறணை ஆச்சு, சிங்களத்தில் போறணுவ. பாணும் அவர்கள் வழியாக வந்த சொல்தான். மலையகத்தில் பாண் நகரத்துச் சாப்பாடு. தோட்டத்தில் கோதுமை மா என்றால் ரொட்டி, ஏனென்றால் ரொட்டிக்கு ஒரு கல்லும் மிலாறும் போதும், பாணுக்குப் போறணை வேணும். காலையில் லயத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வரும் சூன் பாண் ஆட்டோவை நம்பித்தான் நம்ம பணிஸ் ஆசை எல்லாம் இருந்தது. (பீத்தோவனின் அந்த மெட்டைக் கேட்டால் மலையகத்துப் பிள்ளைக்குப் பசிக்கும். அவர் பாவம், இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.)

2021 கடைசியில் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் வந்தன. 2022-இல் எரிவாயுவே இல்லை. 2021 அக்டோபர் வரை 1493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4860 ரூபாய். அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாயாக இருந்தது, அதுவும் முழுப் பேர் கிடைத்தால். பேக்கரிகள் பல மூடின, பழைய விறகுப் போறணை வைத்திருந்தவர்கள் தூசி தட்டித் திறந்தார்கள். கொஞ்சம் வசதி வந்து எரிவாயுவுக்கு மாறின நம்ம வீடுகளும் திரும்ப மிலாறு பொறுக்கப் போயின. மண் போறணை பேச்சு எங்களுக்குள் முளைத்ததும் அந்த வருஷம்தான்.

லொரெனா கதையைக் கேட்டவர்கள், அப்போ போறணைக்கும் தடித்த மண் கூடாதா என்று கேட்பார்கள். அங்கேதான் அடுப்பும் போறணையும் பிரிகின்றன. அடுப்பில் நெருப்பு எரியும்போதே சமைக்கிறோம், அதனால் சுவர் குடிக்கிற சூடு நஷ்டம். போறணையில் முதலில் நெருப்பை மூட்டி, சுவரைச் சூடாக்கி, கங்கை வெளியே இழுத்துவிட்டு, சுவர் திருப்பிக் கொடுக்கிற சூட்டில் பாண் வேகிறது. குடிக்கிற மண் உள்ளே வேணும், காற்றை அடைத்த போர்வை வெளியே வேணும். கோழி முட்டையை அடைகாப்பது மாதிரி இரண்டு அடுக்கு.

பேக்கரிப் போறணையைப் பார்த்து அப்படியே கட்டுவதும் சரிவராது. செங்கல் வளைவு, மேலே குவித்த மணல், பக்கத்தில் இரண்டடி சுவர் என்று கட்டியிருப்பார்கள். அது தினமும் எரிகிற போறணை. ஒரு நாளும் முழுசா ஆறுவதே இல்லை, நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு. நாங்கள் கட்டுவது ஞாயிற்றுக்கிழமைப் போறணை. ஒவ்வொரு வாரமும் மலைக் குளிரில் விறைத்துக் கிடக்கிற மண்ணை அடியிலிருந்து சூடாக்கணும். அதற்கு மெல்லிய மண்சுவரும் தடித்த போர்வையும்தான் கட்டுப்படியாகும்.

இனி கணக்கு. உள்ளே 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளம் என்று வைப்போம், ஒரே தடவையில் நாலைந்து பாண் வைக்கலாம். உள் ஆரம் 30. உள்ளடுக்கு மண்ணும் மணலும் 8 சென்டிமீட்டர் தடிப்பு. அரைக்கோள ஓட்டின் கனஅளவு கண்டுபிடிக்க, வெளி ஆரத்தின் கனத்திலிருந்து உள் ஆரத்தின் கனத்தைக் கழித்து 2.09-ஆல் பெருக்கணும். 38-இன் கனம் 54,872, 30-இன் கனம் 27,000. கழித்துப் பெருக்கினால் சுமார் 58 லீட்டர். காய்ந்தபின் ஏறக்குறைய 105 கிலோ. இதே சுவரை 'பலமா இருக்கட்டும்' என்று 16 சென்டிமீட்டராக்கினால் 58 லீட்டர் 147 ஆகிவிடும். தடிப்பு இரண்டு மடங்கு, மண் இரண்டரை மடங்கு, ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சூடாக்குகிற விறகும் அந்தக் கணக்கில்தான். கட்டுகிற அன்றைக்கு ஆர்வக்கோளாறில் அள்ளி அப்புகிறவர்களைத் தடுக்க ஒருத்தர் அளவுகோலோடு நிற்கணும்.

போர்வை 10 சென்டிமீட்டர். 48-இன் கனத்திலிருந்து 38-இன் கனத்தைக் கழித்துப் பெருக்கினால் சுமார் 117 லீட்டர், வாசலுக்கு விட்டது போக 110 என்று எடுக்கலாம். வாசல் உயரம் உள் உயரத்தில் 63 சதவீதம் இருந்தால் காற்றும் புகையும் சரியாக ஓடும் என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழைய மண் போறணைகளை அளந்த இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் எழுதியது. நமக்கு அது 19 சென்டிமீட்டர்.

இந்த 110 லீட்டரை எதால் நிரப்புவது என்பதுதான் பேச்சு நின்ற இடம். பொருள்களை ஒப்பிட ஒரு எண் இருக்கிறது, வெப்பக் கடத்துதிறன். அடர்ந்த மண்சுவருக்கு அது சுமார் 1. மரத்தூளோ உமியோ நிறையக் கலந்த இலேசான மண்ணுக்குச் சுமார் 0.2. தளர்வாகக் கொட்டிய உமிச்சாம்பலுக்கு 0.1-க்கும் கீழே. அசையாத காற்றுக்கு 0.025. அதாவது 10 சென்டிமீட்டர் இலேசான கலவை செய்கிற காவலை வெறும் மண்ணால் செய்ய அரை மீட்டர் தடிப்பு வேணும். வெளிநாட்டுக் கட்டுரைகளில் வெர்மிகுலைட், பெர்லைட் என்று போட்டிருக்கும். நம்ம கடைத்தெருவில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவையும் காற்றை அடைத்த கல்தானே.

மரத்தூள் ஹட்டன், தலவாக்கலை மரக்காலைகளில் கிடைக்கும். உமிக்குக் கீழே இறங்கணும், கொத்மலை, வலப்பனைப் பக்கத்து வயல்காரர்களிடம் கேட்டால் பை பையாகத் தருவாங்க. உமியில் சிலிக்கா அதிகம், எரிந்தாலும் எலும்புக்கூடு மாதிரி உருவம் நிற்கும், அதனால் எங்கள் முதல் தேர்வு உமி. வைக்கோலுக்குப் பதில் மானாப்புல். விரல் நீளத்துக்கு நறுக்கிக் கலந்தால் கலவையைக் கோர்த்துப் பிடிக்கும், ஒரு காலத்தில் நம்ம கூரையாக இருந்த புல்தானே. மிலாறுச் சாம்பலைச் சலித்து உள்ளடுக்குக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு விரல் தடிப்புக்கு அப்பலாம். சாம்பல் காரம், ஈரமான சாம்பல் கையை அரிக்கும், உரப்பையைக் கையில் கட்டிக்கொண்டு வேலை செய்யணும். கழிவுத் தேயிலை இலேசாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அதைக் கையில் வைத்திருப்பதற்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு, பாண் சுடப்போய் வழக்கு வேண்டாம்.

கலவையில் மண் பசை மட்டும்தான். செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, உமியின் ஒவ்வொரு மணியிலும் அது பூசினாற்போல ஒட்டினால் போதும். பிடித்தால் உருண்டை நிற்கணும், தூக்கினால் கனக்கக் கூடாது. மண் கூடினால் காற்று போய்விடும். மண் ரொம்பக் குறைந்தால் மரத்தூள் உள்ளுக்குள் கனிந்து புகையும். அழுத்தும்போது கால்வாசி அமுங்கும் என்பதால் 110 லீட்டருக்கு 140 லீட்டர் உமி எடுத்துவைக்கணும். 50 கிலோ யூரியா வந்த உரப்பை ஒன்று 65 முதல் 70 லீட்டர் கொள்ளும். ஆக இரண்டு உரப்பை உமி, மூன்று வாளி செம்மண். உள்ளடுக்குக்கு இரண்டு வாளி களிமண், ஐந்தரை வாளி மணல். இதற்குத்தான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

தளத்தை மறந்துவிடுவார்கள். சூடு மேலே போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது காற்றுக்குச் சரி, கல்லுக்கும் மண்ணுக்கும் எல்லாத் திசையும் ஒன்றுதான். ஈரத் தரையின் மேல் நேரே செங்கல் பாவினால் பாணின் அடி வேகாமல் கிடக்கும். ஆர்ஜென்டினாவின் மண் போறணைகளில் தளத்துக்குக் கீழே உடைந்த கண்ணாடியும் உப்பும் போடுவது வழக்கம். அதைவிட முழுப் போத்தலை மூடி இல்லாமல் படுக்கவைத்து, இடையில் உமிக் கலவையை நிரப்புவது மேல், ஒவ்வொன்றும் அடைபட்ட காற்று. 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு 750 மில்லிப் போத்தல் சுமார் 20 பிடிக்கும், நடுவே 25 லீட்டர் கலவை. தோட்டத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் காலிச் சாராயப் போத்தலுக்கு வராது, அந்தக் கதையைத் தனியாகவே எழுதணும். மேலே பாவ, மூடிப்போன ஸ்டோர்களை உடைக்கும்போது விற்கிற பழைய தீச்செங்கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒன்றைக் கவனிக்கணும்: தீச்செங்கல் சூட்டைத் தாங்கும், தடுக்காது. கனமான செங்கல், நல்லாவே கடத்தும். அது உள்ளடுக்குக்கு ஆனது, போர்வைக்கு இல்லை.

பழைய ஸ்டோரிலிருந்து வேறு எதையும் எடுத்துவர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நீராவிக் குழாய்களுக்கும் சூட்டுக் குழல்களுக்கும் சுற்றிய வெள்ளைச் சுற்றில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. தகரத்துக்குப் பிறகு நம்ம லயங்களில் போட்ட சீட்டும் அஸ்பெஸ்டஸ்தான். உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாக வைப்பதை, போறணைக்குக் கதவாக்குவதைப் பார்க்கிறோம். தீ பிடிக்காது, சும்மா கிடைக்குது, ஆசை காட்டும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கிற நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். அஸ்பெஸ்டஸின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்பதில் உலகச் சுகாதார அமைப்புக்குச் சந்தேகம் இல்லை. புகையிலிருந்து தப்பிக்கக் கட்டுகிற ஒன்றில் இதைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கதவுக்கு இரண்டு அங்குலப் பலகை போதும், சுடுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைத்தால் கருகாது.

கடைசியாக மழை. நீரின் கடத்துதிறன் 0.6, காற்றைவிட 24 மடங்கு. உமிக்கு நடுவே இருந்த காற்றை மழை விரட்டிவிட்டு உட்கார்ந்தால் போர்வை ஈரத் துணியாகிவிடும், முதலில் மூட்டுகிற விறகெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே சரியாப் போகும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற நாடு இது. அதனால் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் நாலு கம்பு நட்டு ஒரு கூரை, முழங்கால் உயரத்துக்குக் கல் மேடை, அதற்கப்புறம் போறணை. கூரைக்குத் தகரம் போதும், இங்கே யாரும் படுக்கப் போவதில்லை.

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் மேடை போடலாம். உள்ளடுக்கு ஒரு வாரமாவது நிழலில் காயணும், போர்வை போட்டபின் இன்னும் இரண்டு மூன்று வாரம். நடுவில் தினமும் ஒரு கைப்பிடி மிலாறு போட்டுச் சின்ன நெருப்பு, வெடிப்பு விழுந்தால் ஈரக் களிமண்ணால் அடைக்கணும். இரவில் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறவரை ஈரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

உமிக்கு கொத்மலையில் சொல்லி வைத்திருக்கிறோம். போத்தல் எண்ணிக்கை போன வாரமே 20-ஐத் தாண்டிவிட்டது.